‘நீங்க எந்த ஊரு?’ – பீர்மேட்டில் பேசுவது எந்த வட்டாரத் தமிழ்? அந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

ஆபீஸ் கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் உங்கள் டேபிளில் வந்து உட்காருகிறார். இரண்டு வாக்கியம் பேசியதுமே உங்களுக்குப் பிடிபட்டுவிடுகிறது. "நீங்க திருநெல்வேலியா?" என்று கேட்கிறீர்கள். அவர் சிரித்துக்கொண்டே, "எப்படி கண்டுபுடிச்சிய?" என்கிறார். அந்த ‘புடிச்சிய’விலேயே பதில் இருக்கிறது.

இந்த விளையாட்டு நம் எல்லோருக்கும் பிடிக்கும். கோவைத் தமிழா, மதுரைத் தமிழா, எது அழகு என்று டீ பிரேக்கில் சண்டை போடுகிறோம். ரீல்ஸில் ஒரே வசனத்தை ஐந்து ஊர் ஸ்லாங்கில் பேசுபவர்களுக்கு லைக் போடுகிறோம். சினிமாவில் ஹீரோவின் நெல்லைத் தமிழ் சரியில்லை என்றால் தூத்துக்குடிக்காரர்கள் கோபப்படுகிறார்கள்.

இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள். இது கற்பனை உதாரணம்தான். ஆனால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குமுளியில் இருந்து வண்டிப்பெரியாறு போகும் பஸ்ஸில் இப்படி ஒன்று காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்:

"அவய்ங்க அங்கிட்டுப் போனாய்ங்க, இன்னும் வரல. சாரமில்ல, நான் நாளைக்கு ஆபீஸ்ல சொல்லுதேன்."

எந்த ஊர்? ‘அவய்ங்க, அங்கிட்டு, போனாய்ங்க’ மதுரை–தேனிப் பக்கம். ‘சொல்லுதேன்’ நெல்லை. ‘சாரமில்ல’ மலையாளம், ‘பரவாயில்லை’ என்று அர்த்தம். ஒரே மூச்சில் மூன்று ஊர். உங்கள் காது இங்கே தடுமாறும். ஆனால் பேசுகிறவர் தடுமாறவில்லை. அது அவருடைய ஊர்த் தமிழ்.

பீர்மேடு தாலுகாவில் தலைமுறைகளாக இருக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ‘நீங்க எந்த ஊரு?’ என்ற கேள்வி கேன்டீன் விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை. 1950-களில் மாநில எல்லை போட்டபோதும், சாதிச் சான்றிதழ் கேட்கும்போதும் அதே கேள்விதான் வந்தது. 2027-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போதும் வேறு வடிவத்தில் வரப்போகிறது. எனவே, முதலில் வட்டார வழக்குகளை எப்படிப் பிரித்தறிவது என்று பார்ப்போம். பிறகு பீர்மேட்டுக்குப் போவோம்.

காதுக்கு ஐந்து டெஸ்ட்

வட்டார வழக்கு என்றதும் நாம் முதலில் சொற்களைத்தான் தேடுவோம். கோவையில் விருந்தாளி ‘ஒறம்பரை’, திருவிழா ‘நோம்பி’, வேகமாக என்பது ‘வெசையா’. ஆனால் சொற்கள் சுலபமாகக் கடன் போய்விடும். சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்த எவரும் ‘செம’, ‘மாஸ்’ என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். வினைச்சொல்லின் வாலும், ஒலியும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அங்கேதான் காதை வைக்க வேண்டும்.

1. ‘வந்தார்கள்’ என்பதை எப்படிச் சொல்கிறார்கள்? பெரும்பாலான ஊர்களில் ‘வந்தாங்க’. மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கம் சமவயதுக்காரர்களையோ சின்னப் பையன்களையோ சொல்லும்போது ‘வந்தாய்ங்க’. பெரியவர்கள் என்றால் அங்கேயும் ‘வந்தாங்க’தான். நெல்லை, தூத்துக்குடியில் ‘வந்தாவ’. இதில் மரியாதையும் சேர்ந்தே இருக்கிறது: ‘அண்ணாச்சி வந்தாவ’.

2. நிகழ்காலம் எப்படி வருகிறது? ‘சொல்றேன், பேசுறான்’ என்பது பொதுப் பேச்சு. நெல்லைப் பக்கம் ‘சொல்லுதேன், பேசுதான், படிக்கேன்’. பேச்சை எவ்வளவு திருத்திக்கொண்டாலும் அவசரத்திலும் கோபத்திலும் இந்த ‘த’ வெளியே வந்துவிடும்.

3. ‘ழ’ என்ன ஆகிறது? தென் மாவட்டங்களில் ‘வாளப்பளம்’. பழைய சென்னைப் பேச்சில் ‘வாயப்பயம்’. எழுத்தில் நாம் பெருமைப்படும் அந்த ‘ழ’வை அன்றாடப் பேச்சில் சரியாக உச்சரிப்பவர்கள் குறைவு.

4. ‘என்னுடைய வீடு’ என்பதை எப்படிச் சொல்கிறார்கள்? ‘என் வீடு’ அல்லது ‘என்னோட வீடு’ என்றால் எந்த ஊரும் இருக்கலாம். ‘எனக்க வீடு’ என்றால் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டம்.

5. மரியாதை எங்கே ஒட்டுகிறது? கொங்குப் பகுதியில் ‘ஏனுங்க’, ‘சரிங்க’, ‘ஆமாங்க’ என்று வாக்கியத்தில் எங்கு இடம் கிடைத்தாலும் ‘ங்க’ வந்து உட்காரும். நெல்லையில் நெருக்கம் ‘ஏலே’வில் இருக்கிறது, கொஞ்சம் மரியாதை கலந்தால் ‘வே’. குமரியில் ‘மக்கா’.

ஒரு எச்சரிக்கை. தமிழில் வழக்கு ஊரை மட்டும் காட்டுவதில்லை. சாதியையும் வர்க்கத்தையும் படிப்பையும் சேர்த்தே காட்டும். ‘ஆத்துல’, ‘வீட்டுல’, ‘ஊட்ல’ மூன்றும் ஒரே தெருவில் கேட்கலாம். ‘எந்த ஊரு?’ என்ற கேள்விக்குப் பின்னால் பல நேரம் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

பாலக்காடும் பீர்மேடும்: இரண்டு எல்லை, இரண்டு தமிழ்

கேரளத் தமிழ் என்றதும் சினிமா நமக்குக் காட்டியது பாலக்காட்டு ஐயர் சமையல்காரரைத்தான். ‘நன்னா இருக்காக்கும்’ என்று இழுத்துப் பேசும் அந்த வழக்கு உண்மையில் உண்டு. ஆனால் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசுவது அவர்கள் மட்டுமில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்ட பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியாகக் காற்று மட்டும் போய்வருவதில்லை, பேச்சும் போய்வருகிறது. சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் போனால் விவசாயக் குடும்பங்களின் தமிழில் கொங்குத் தமிழின் சாயலைக் கேட்கலாம். பொள்ளாச்சியும் கோவையும் பக்கத்திலேயே இருக்கின்றன. மொழிவாரி மாநில எல்லை வந்தது 1956-ல். பேச்சு அதற்கு முன்பிருந்தே தொடர்ச்சியாக ஓடிக்கொண்டிருக்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் உண்டு.

பீர்மேடு அப்படி இல்லை. அது உயர்ந்த மலை. கீழே கம்பம் பள்ளத்தாக்கு. குமுளியில் இருந்து கம்பத்துக்கு மலைப்பாதையில் சுமார் 25 கிலோமீட்டர்தான். அப்படியானால் அங்கே கம்பத்துத் தமிழ்தானே பேச வேண்டும்? முழுவதும் அப்படி இல்லை. காரணம், பீர்மேட்டின் தோட்டத் தமிழ் பக்கத்து ஊரில் இருந்து மட்டும் வந்ததல்ல. ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து உருவாக்கப்பட்ட ஊர்களின் தமிழ் அது.

19-ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஐரோப்பியர்கள் இந்த மலைகளில் காட்டை அழித்து முதலில் காப்பி போட்டார்கள். இலைநோய் காப்பியைக் காலி செய்த பிறகு தேயிலைக்கு மாறினார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் மலையிறங்கி திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், முன்பணம் கொடுத்து, ஆட்களைக் கூட்டிவந்தார்கள். வந்தவர்களில் பெரும் பங்கினர் நிலமற்ற தலித் குடும்பங்கள். அன்றைய மதுரை மாவட்டத்தில் இன்றைய தேனியும் அடங்கும்.

இப்போது அந்த பஸ் வாக்கியத்தை மறுபடி பாருங்கள். நெல்லைக் குடும்பமும் கம்பம் குடும்பமும் ஒரே லயத்தில், ஒரு சுவர் தள்ளி வாழ்கின்றன. பிள்ளைகள் ஒன்றாக விளையாடுகின்றன. இரண்டு தலைமுறையில் ‘வந்தாய்ங்க’வும் ‘சொல்லுதேன்’-உம் ஒரே வாயில் வர வாய்ப்பு உருவாகிறது. இலங்கை மலையகத்திலும், வால்பாறையிலும், மலேசியாவின் ரப்பர் தோட்டங்களிலும் இதே மாதிரிதான் பல ஊர்த் தமிழ் ஒன்றாகக் குழைந்தது. மொழியியலில் இதற்குப் புதிய வழக்கு உருவாதல் என்று பெயர். கொச்சையும் இல்லை, கலப்படமும் இல்லை.

பீர்மேட்டுப் பக்கம் இன்னொரு அடுக்கும் உண்டு. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையில் இருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர், வண்டிப்பெரியாறு வழியாகச் செல்லும் கவியில், கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலக்காய்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். தமிழ்நாட்டில் இருந்து கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போன தமிழ், கடல் தாண்டித் திரும்பி, இன்னொரு மலையில் ஏறியது.

ஊர்ப் பெயரிலேயே ஒரு பாடம்

இந்தப் பகுதியில் தமிழும் மலையாளமும் எப்படி உரசிக்கொள்கின்றன என்று தெரிய, டிக்கெட் கவுன்ட்டரில் நின்று ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே போதும்.

நாம் ‘பீர்மேடு’ என்கிறோம், மலையாளத்தில் ‘பீருமேடு’. நாம் ‘குமுளி’, அங்கே ‘குமளி’. நாம் ‘ஏலப்பாறை’, அங்கே ‘ஏலப்பாற’. தமிழ் எழுத்தில் ‘ஐ’ என்று முடியும் இடத்தில் மலையாளத்தில் ‘அ’ நிற்கிறது: மலை–மல, தலை–தல. ஆனால் கவனித்துப் பாருங்கள். நீங்களும் பேசும்போது ‘தல வலிக்குது’ என்றுதான் சொல்வீர்கள். எழுத்தில் தெரியும் தூரம் பேச்சில் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அப்படியென்றால் எதை வைத்துப் பிரிப்பது? மறுபடியும் வினைச்சொல்லின் வால்தான். தமிழில் ‘நான் வந்தேன், அவன் வந்தான், அவள் வந்தாள்’. யார் வந்தது என்று வினையே சொல்லிவிடும். இன்றைய மலையாளத்தில் எல்லோருக்கும் ஒரே ‘வந்நு’. ‘ந்த’ அங்கே ‘ந்ந’ ஆகிறது. ‘மாங்காய்’ என்பதன் ‘ங்க’, ‘மாங்ங’ ஆகிறது. ‘சாரமில்ல’ என்று மலையாளச் சொல்லை இழுத்துக்கொண்ட அந்த பஸ் வாக்கியத்தில் ‘போனாய்ங்க’, ‘சொல்லுதேன்’ என்று வினைகளுக்குத் தமிழ் வால் அப்படியே இருப்பதைப் பாருங்கள். சொல் கடன் வாங்கியது. இலக்கணம் கைமாறவில்லை.

சில நேரம் கடன் எதிர்த்திசையிலும் போகும். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 20 சதவீத போனஸ், 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ரூபாயாக உயர்த்துவது ஆகியவை கோரிக்கைகள். அவர்கள் அமைப்பின் பெயர் ‘பெம்பிளை ஒருமை’. மலையாளச் செய்தித்தாள்களும் அந்தத் தமிழ் ‘ஐ’யை வெட்டாமல் ‘பெம்பிளை ஒருமை’ என்றே அச்சிட்டன. தோட்டத்துப் பெண்களின் உச்சரிப்பு கேரளத்தின் பொது அகராதிக்குள் நுழைந்த தருணம் அது.

‘வந்து போகிறவர்கள்’ என்று முடிவானது எப்படி?

இனி சீரியஸான பகுதிக்கு வருவோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு மொழிவாரி மாநிலங்கள் பேச்சு எழுந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர்கள் அதிகம் வாழும் தாலுகாக்களைத் தமிழகத்துடன் சேர்க்கக் கோரியது. அந்தப் பட்டியலில் தேவிகுளமும் பீர்மேடும் இருந்தன. 1954-ல் போராட்டம் தீவிரமானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ம் தேதி தெற்கே மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின.

1955-ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழகத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் இருக்கட்டும் என்றது ஆணையம். மொழி மட்டும் போதாது, பொருளாதாரமும் பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். இங்குள்ள தமிழர்களில் கணிசமானவர்கள் தோட்ட வேலைக்காக வந்து போகிறவர்கள், நிலையாகக் குடியிருப்பவர்கள் அல்ல என்பது இன்னொரு வாதம். 1956 நவம்பர் 1-ம் தேதி எல்லை அப்படியே அமைந்தது. 1972 ஜனவரி 26-ல் இடுக்கி மாவட்டம் உருவானபோது இரண்டு தாலுகாக்களும் அதில் அடங்கின.

எல்லை சரியா, தவறா என்ற பட்டிமன்றத்தை இங்கே மறுபடி நடத்தப்போவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த வாதத்தின் அமைப்பை. ஒருவர் என்ன மொழி பேசுகிறார் என்ற கேள்வி, அவர் ‘இந்த ஊர்க்காரரா’ என்ற கேள்வியாக மாறிவிட்டது. தமிழ் பேசுகிறார், ஆகவே கீழே இருந்து வந்தவர். வந்தவர் ஆகவே போய்விடுவார். ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் போகவில்லை. பேரன் பேத்தி எடுத்தார்கள். அங்கேயே ஒரு புதிய தமிழ் வழக்கு உருவாகும் அளவுக்கு இருந்தார்கள். ஒரு வழக்கு முளைக்கத் தலைமுறைகள் வேண்டும். அந்த வகையில் பீர்மேட்டுத் தமிழே அவர்களுடைய குடியிருப்புக்கு ஒரு சாட்சி.

அந்தப் பழைய கேள்வி இன்றும் சட்ட வடிவில் வாழ்கிறது. பட்டியல் சாதித் தகுதி மாநிலத்தோடு கட்டப்பட்டது. எனவே 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்த காலத்தில் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டியிருக்கிறது. தேவிகுளம் எம்.எல்.ஏ. ஆ.ராஜாவின் தேர்தல் வழக்கில் அவருடைய முன்னோர் எப்போது கேரளத்துக்கு வந்தார்கள் என்பதும் விவாதப் பொருளானது. 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் அவருடைய வெற்றியை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி அவருக்குச் சாதகமாக முடிவு சொன்னது. ஒரு எம்.எல்.ஏ.வுக்கே தாத்தா காலத்துத் தாள் தேவைப்பட்டது. லயத்தில் இருக்கும் ஒரு பிளஸ் டூ மாணவிக்கு என்ன நிலைமை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே ராஜா 2021 மே மாதம் கேரள சட்டமன்றத்தில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தபோது, தரப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பில் ‘கடவுள் பெயரால்’, ‘உளமார’ இரண்டுமே விடுபட்டிருந்தன. அதனால் அவர் மறுபடி உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது.

டேட்டா என்ன சொல்கிறது? என்ன சொல்லாது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தாய்மொழி என்ன என்ற கேள்விக்கு மக்கள் சொன்ன பெயர்களை அப்படியே சேர்த்தால் 19,569. அவற்றைச் சரிபார்த்து, தொகுத்து, 1,369 தாய்மொழிகளாகச் சுருக்கினார்கள். பிறகு 121 மொழிகளின் கீழ் அடுக்கினார்கள். நாடு முழுவதும் 10,000 பேருக்குக் குறைவாகச் சொன்ன பெயர்கள் ‘மற்றவை’யில் போய்விடும்.

வடக்கில் ஐந்து கோடிக்கும் மேற்பட்டவர்கள் ‘போஜ்புரி’ என்று சொன்னார்கள். அது இந்தியின் கீழ் அடுக்கப்பட்டாலும், தனி எண்ணாகத் தெரிகிறது. தமிழில் கதை வேறு. நெல்லைக்காரரும் கோவைக்காரரும் பீர்மேட்டுக்காரரும் ஒரே பதில்தான் சொல்கிறோம்: ‘தமிழ்’. அதனால் 6.9 கோடி என்ற ஒரே எண்ணுக்குள் எல்லா வழக்கும் மறைந்துவிடுகிறது. உங்களுக்குப் பிடித்த ஸ்லாங்கை எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எந்த அரசு அட்டவணையிலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் ‘தமிழ்’ என்ற அந்த ஒற்றை எண் பீர்மேட்டில் ரொம்ப முக்கியம். ஏன்?

மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்புக்காக மத்திய, மாநில அரசுகள் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டில் சில எண்கள் உண்டு. ஒரு மாவட்டத்திலோ அதற்குக் கீழுள்ள பகுதியிலோ ஒரு மொழி பேசுபவர்கள் 15 சதவீதமாவது இருந்தால், முக்கியமான விதிகளையும் அறிவிப்புகளையும் அந்த மொழியிலும் வெளியிட வேண்டும். ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளி முழுக்க 40 பேர் இருந்தால், தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 350-ஏ பிரிவும் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதியைப் பற்றிப் பேசுகிறது. கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்குக் கடிதம் எழுத இடம் கொடுக்கிறது.

இப்போது எண்களைப் பாருங்கள்.

2001-ல் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5.97 லட்சம். 2011-ல் சுமார் 5.03 லட்சம். பத்தே ஆண்டில் ஏறத்தாழ 16 சதவீதச் சரிவு. அதே காலத்தில் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை கூடியிருக்கிறது.

இடுக்கி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 11.29 லட்சத்தில் இருந்து 11.09 லட்சமாகக் குறைந்தது. கேரளத்தில் மக்கள்தொகை குறைந்த மாவட்டங்கள் இரண்டுதான், இன்னொன்று பத்தனம்திட்டா.

2011-ல் இடுக்கியில் தமிழ் பேசுபவர்கள் சுமார் 17 சதவீதம். 15 சதவீதக் கோட்டுக்குக் கொஞ்சம்தான் மேலே.

தாலுகா அளவில் பார்த்தால் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழர் பங்கு மாவட்டச் சராசரியைவிட அதிகம். எனவே நாளைக்கே எல்லாம் போய்விடும் என்று பயமுறுத்த முடியாது. ஆனால் சரிவின் திசை தெளிவாக இருக்கிறது. 2000-க்குப் பிறகு பீர்மேட்டில் பல தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டன. சம்பளமும் கிராஜுவிட்டியும் நின்றன. இளைஞர்கள் கேரள நகரங்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் வேலை தேடிப் போனார்கள். பீர்மேட்டுத் தோட்டப் பகுதியிலிருந்தே வந்த மானுடவியலாளர் ஜெயசீலன் ராஜ் 2022-ல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்தச் சரிவைத்தான் தலித் தொழிலாளர் குடும்பங்களுக்குள் இருந்து ஆராய்கிறது.

எண் குறைந்ததற்கு வெளியேற்றம் மட்டுமே காரணமா, இல்லை கணிசமானோர் ‘மலையாளம்’ என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்களா? அட்டவணை அதைப் பிரித்துக் காட்டாது. சரிவு எவ்வளவு என்பது மட்டும்தான் அதில் இருக்கும்.

உச்சரிப்பு அடையாள அட்டை ஆகும்போது

ஒருவர் ஏன் தன் பேச்சை மறைக்க வேண்டும்? அதற்கும் காரணம் இருக்கிறது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தது. அணை இருப்பதே பீர்மேடு தாலுகாவில்தான். குமுளி–கம்பம் எல்லையில் மோதல்கள் நடந்தன. இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பயந்து மலையிறங்கித் தேனி மாவட்டத்துக்கு வந்தார்கள். இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அந்த நாட்களில் எல்லையின் இரு பக்கமும் ஒருவர் வாயைத் திறந்தாலே யார் என்று தெரிந்துவிடும் நிலை.

இது புதிதும் அல்ல, இங்கே மட்டும் நடப்பதும் அல்ல. 1983 கறுப்பு ஜூலையில் கொழும்புத் தெருக்களில் வாளிக்கான சிங்களச் சொல்லான ‘பால்திய’வை உச்சரிக்கச் சொல்லித் தமிழர்களை அடையாளம் கண்டதைப் பல சாட்சியங்கள் பதிவு செய்திருக்கின்றன. அமெரிக்காவில் மொழியியலாளர் ஜான் பாவும் அவருடைய குழுவினரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நபர் வெவ்வேறு உச்சரிப்பில் போன் செய்து வீடு வாடகைக்குக் கேட்டபோது, உச்சரிப்புக்கு ஏற்ப பதில் மாறியது தெரியவந்தது. ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லே பேசுபவர் எந்தச் சமூகம் என்று கேட்பவர் ஊகிக்கப் போதுமானதாக இருந்தது.

நம் கதைக்கு வருவோம். பெங்களூரில் ரூம் தேடும் பீர்மேட்டுப் பையனுக்கு இரட்டைச் சிக்கல். கேரளத்தில் அவன் ‘பாண்டி’. தமிழ்நாட்டில் அவன் பேச்சைக் கேட்டதும் ‘மலையாளியா?’ என்பார்கள். இரண்டு பக்கமும் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. அவன் ஊர் பீர்மேடு. அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள இரண்டு பக்கத்துக்கும் பழக்கமில்லை.

2027-ல் என்ன நடக்கப்போகிறது?

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிப்பு 2025 ஜூனில் வந்தது. நாட்டின் பெரும்பகுதிக்கு அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. அதற்கு முந்தைய பிப்ரவரியில் ஆட்களைக் கணக்கெடுக்கும் கட்டம். 2011-க்குப் பிறகு மொழி பற்றிய முதல் முழுமையான தரவு இதில் இருந்துதான் வரும். இதற்கிடையே 2025 அக்டோபரில் கேரள சட்டமன்றம் புதிய மலையாள மொழி மசோதாவை நிறைவேற்றியது. மொழிச் சிறுபான்மையினருக்கு அதில் விலக்குகள் உண்டு என்கிறது கேரள அரசு. காசர்கோட்டுக் கன்னடர்களுக்காகக் கர்நாடகம் ஆட்சேபம் தெரிவித்தது. விலக்கு யாருக்கு, எந்தப் பகுதிக்கு என்ற பேச்சு வரும்போதெல்லாம் மேஜையில் வைக்கப்படுவது சென்சஸ் எண்தான்.

அதனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சென்சஸ் விளக்கப்படி தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் உங்கள் அம்மா உங்களிடம் பேசிய மொழி. பள்ளியில் படித்த மொழியோ, ஆபீஸில் பேசுகிற மொழியோ, நன்றாக எழுத வருகிற மொழியோ அல்ல. மலையாளம் மீடியத்தில் படித்து, மலையாளத்தில் கவிதையே எழுதும் பீர்மேட்டுப் பெண்ணின் தாய்மொழி, அம்மா தமிழில் பேசியிருந்தால், தமிழ்தான்.

இரண்டாவது, 2011 படிவத்தில் தாய்மொழி தவிர ‘தெரிந்த பிற மொழிகள்’ இரண்டைப் பதிவு செய்யவும் இடம் இருந்தது. தமிழ் என்று சொன்னால் மலையாளத்தை இழக்க வேண்டியதில்லை. இரண்டும் பதிவாகலாம்.

மூன்றாவது, வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. குடும்பத் தலைவர் சொன்னதையே எல்லோருக்கும் நிரப்பிவிட்டால் பாட்டிக்கும் பேத்திக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். கேளுங்கள், சரிபாருங்கள். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் ஊருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.

வழக்கைப் பதிவு செய்ய சென்சஸ் போதாது. அந்த வேலையைத் தனி மனிதர்கள்தான் செய்திருக்கிறார்கள். கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் கொங்குக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் சொல்லகராதி தொகுத்தார்கள். லயத்தின் தமிழை அறிந்த கடைசித் தொழிலாளர் தலைமுறை இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. தோட்டங்களில் அவர்கள் இடத்துக்கு ஜார்க்கண்டில் இருந்தும் அசாமில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். உங்கள் அம்மாச்சியோ தாத்தாவோ தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்றால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு, முதல் நாள் கொழுந்து எடுக்கப் போன கதையைக் கேளுங்கள். அரை மணி நேரம் போதும்.

கேன்டீன் விளையாட்டை நிறுத்த வேண்டாம். அதில் ஒரு பாசம் இருக்கிறது. காது கொடுத்துக் கேட்பவர்தான் ‘நீங்க எந்த ஊரு?’ என்று கேட்பார். ஒரே ஒரு மாற்றம். அவர் ‘பீர்மேடு’ என்று சொன்னால், "அது சரி, சொந்த ஊரு?" என்று அடுத்த கேள்வி போடாதீர்கள். அவர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்.